கறை நீக்கிய குரூப் போட்டோ

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு முப்பத்தேழு வருஷம் கழித்துச் செல்போனில் மறுபடி ஒன்று கூடியபோது, யாரைத் தலைவராகப் போடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. லீடர் தயாராக இருந்தார். வாத்தியார் வராத பீரியடில் பேசினவன் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே லீடர்தான். இன்றைக்குக் குளியலறை டைல்ஸ் விற்கிறார். மற்றபடி பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஒரே காலை வணக்கத்தை இரண்டு தடவை அனுப்பினவர், பிறந்தநாள்காரருக்கு வாழ்த்துச் சொல்ல மறந்தவர், அரசியல் பேசினவர் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் குரூப்பில் பட்டியல் வரும். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி உண்டு. ரொம்ப அடங்காதவர்களுக்கு இரண்டு பெருக்கல்.

அந்தக் குரூப்பில் ஸ்டூடியோ என்றொருத்தி இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவள் அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார், அதனால் வகுப்பில் அவள் ஸ்டூடியோ ஆகிவிட்டாள். இப்போது ஐம்பத்து மூன்று வயசு. ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை. நாளைக்கு அறுபது பேர் கையில் ஊசி ஏற்றுகிறாள். ஏற்றும்போது, "அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அப்பா ஆயுசு முழுக்க "இந்தப் பக்கம் பாருங்க" என்றே சொல்லிப் பிழைத்தவர்.

போன மாதம் அவள் மகள் ஏதோ பேச்சுவாக்கில், "ஏம்மா, தாத்தா பாக்கறதுக்கு எப்படி இருப்பாரு?" என்று கேட்டுவிட்டாள்.

ஸ்டூடியோ வாயைத் திறந்தாள். வெள்ளை அரைக்கைச் சட்டை வந்தது. பையில் செருகின பேனா வந்தது. இருட்டறை மருந்து வாசனை ஏறின விரல்கள் வந்தன. முகம் வரவில்லை. சட்டைக் காலருக்கு மேலே வெறும் இடம்.

"அப்புறம் சொல்றேன். அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்துபோய் சமையலறையில் நின்றாள். அடுப்பில் பால் இல்லை.

ஊரில் பாதிப் பேரைப் படம் பிடித்த மனுஷனுக்கு இன்றைக்கு ஒரு படம்கூடக் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நின்றவரை யார் எடுப்பார்கள்? அவள் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்தார். கடையைக் காலி செய்து வேறு ஊர் வந்தபோது, வாடகை வீட்டில் மழைத்தண்ணீர் இறங்கி, டிரங்குப் பெட்டியிலிருந்த படமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. தப்பித்தது அப்பாவின் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ். அதையும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். அது திரும்பி வரவில்லை. ஆக, அப்பா முகம் இன்றைக்கு அரசாங்கத்துக்கு மட்டும் தெரியும். அதுவும் எந்த அலமாரியில் என்று அரசாங்கத்துக்கே தெரியாது.

குரூப்பில் எழுதினாள்: "யாரிடமாவது எங்கப்பா இருக்கிற படம் இருக்கிறதா? ஓரத்தில் நின்றாலும் போதும்."

பதில்கள் குவிந்தன. பதினேழு கும்பிடு. ஆறு ரோஜா. ஒருத்தர் அழுகிற பொம்மை போட்டு, ஐந்து நிமிஷம் கழித்து, கைதவறி சிரிக்கிற பொம்மையும் போட்டார். 'அப்பா என்பது ஒரு வார்த்தை அல்ல, வாழ்க்கை' என்று மலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற படம் ஒன்று வந்தது. கடைசியில் லீடர் தோன்றினார்: "வரும் சனிக்கிழமை நமது சங்கமம். எல்லாரது பழைய படங்களையும் திரட்டி, நவீன தொழில்நுட்பத்தில் புதுப்பித்து, பெரிய திரையில் வெளியிடுகிறேன். தனித்தனியாகக் கேட்டுக் குரூப்பைக் குழப்ப வேண்டாம்." பக்கத்தில் பெருக்கல் போடவில்லை. அந்த மட்டும் இரக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஏசி ஹாலில் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அந்த ஊரைவிட்டு எப்படா ஓடுவோம் என்று அந்த வயசில் நாள் எண்ணிக்கொண்டிருந்த அதே முப்பத்தெட்டுப் பேர். இப்போது ஊர்த் தண்ணீர் மாதிரி வருமா, ஊர்க் காற்று மாதிரி வருமா என்று உருகினார்கள். அந்தத் தண்ணீரால்தான் பாதிப் பேருக்குப் பல் மஞ்சள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். அவரே அதிகமாக உருகினார்.

ஸ்டூடியோ பக்கத்தில் தும்மல் வந்து உட்கார்ந்தாள். சுண்ணாம்புக்கட்டித் தூசு பட்டால் பதினோரு தும்மல் போடுவாள் என்பதால் வந்த பெயர். இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள்.

"என்னடி, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல. படம் பாக்கத்தான் வந்தேன்."

"அதுக்கு முன்னாடி அவன் பேச்சு இருக்கு. நான் தூங்கிட்டா தட்டு. குறட்டை விட்டாத் தட்டாதே, அவன் கேக்கட்டும்."

லீடர் மைக்கைப் பிடித்தார். நினைவுகள் என்பவை காலக் கண்ணாடியில் படிந்த தூசு என்றார். அதைத் துடைக்கும் பொறுப்பு தமக்கு வாய்த்தது என்றார். இருபது நிமிஷம் துடைத்தார்.

அப்புறம் திரையில் படங்கள் வந்தன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற நாள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள், லீடர் கையில் கலர் ஆகியிருந்தன. டைல்ஸ்காரர் அல்லவா, ஒரு கீறல், ஒரு சுருக்கம் விட்டுவைக்கவில்லை. பரட்டைத் தலையும் பரு முகமுமாய்த் திரிந்த கூட்டம் முழுக்க இப்போதுதான் மெழுகில் வார்த்து இறக்கின மாதிரி மின்னியது. கணக்கு வாத்தியார் கன்னத்தில் ரோஸ் பவுடர். ஒரு ஆளின் மீசை உதட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"இது யாருடா?" என்று முட்டை கேட்டான். அந்தக் காலத்திலேயே மொட்டைத் தலை. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன்.

"நீதான்" என்றார் லீடர்.

"எனக்கு முடி இருக்கே!"

"ஆப்பு தானா வெச்சிருச்சு. நல்லாத்தானே இருக்கு, விடு."

ஸ்டூடியோ சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஓரங்களைத் தேடினாள். கதவோரம், தூணோரம், கூட்டத்துக்குப் பின்னால். நாற்பது படம் போய்விட்டது. அப்பா எங்கேயும் இல்லை.

"இப்போது, இன்றைய விழாவின் சிகரம்!" என்றார் லீடர். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ வந்தது. நான்கு வரிசை. முன்வரிசையில் பெண்கள் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண் என்று ஊகிக்க வேண்டும். திரையில் அது வழுவழுவென்று ஒரே நிறத்தில், லீடர் கடையில் புதுசாக இறக்கின சரக்கு மாதிரி இருந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள். ஸ்டூடியோ அந்த வழுவழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் குரல் எங்கிருந்தோ வந்தது. 'என்னய்யா படம் எடுத்திருக்கே? உன் நிழல் வந்து நடுவுல விழுந்து கெடக்கு?' ராத்திரி சாப்பிடும்போது அப்பா அதை நடித்துக் காட்டிச் சிரித்தது ஞாபகம் வந்தது. 'அவரு பேசி முடிக்கறதுக்குள்ள சூரியன் என் முதுகுப் பக்கம் எறங்கிடுச்சு. சூரியனை நிக்கச் சொல்லணும்னா அவருதான் லெட்டர் குடுக்கணும்.' இத்தனை வருஷம் இது எங்கே ஒளிந்திருந்தது?

எழுந்து நின்றாள். "லீடரு, கீழ தரையில ஏதாவது இருந்துச்சாடா?"

"ஆகா, கவனிச்சுட்டே பாத்தியா!" லீடர் முகம் மலர்ந்தது. "பெரிய கறை ஒண்ணு. கன்னங்கரேல்னு, இங்கிருந்து இதுவரைக்கும். படத்தோட அழகையே கெடுத்துக்கிட்டு இருந்துச்சு. மூணு நாள் உக்காந்து தேய்ச்சேன். இப்பப் பாரு, இருந்த தடம் தெரியுதா?"

"தெரியல."

"அதான் தொழில்நுட்பம்."

"அது கறை இல்லடா. எங்கப்பா."



"நிழலு" என்றாள் ஸ்டூடியோ. "அவரு நிழலு. வேற எதுலயும் அவரு இல்ல. அது ஒண்ணுலதான் இருந்தாரு."

லீடர் மைக்கை வாயிலிருந்து இறக்கினார். முப்பத்தேழு வருஷத்தில் அவர் மைக்கைத் தானாக இறக்கினது அதுதான் முதல் தடவை.

"ஒரிஜினல் வெச்சிருப்பேல்ல?" என்றாள் தும்மல்.

"போன்ல எடம் அடைக்குதுன்னு... அழிச்சிட்டேன்."

"பேப்பர் படம்? ஒங்கிட்டதானே இருந்துச்சு?"

"வீட்ல மாட்டியிருந்தேன். போன வாரம் கழட்டிட்டுப் புதுசை மாட்டிட்டேன். பழசு..." லீடர் கழுத்தில் வேர்வை. "அவளைக் கேக்கணும்."

"அவளை" அங்கேயே வீடியோவில் கூப்பிட்டார். அவசரத்தில் போன் திரையோடு இணைந்திருப்பது மறந்துபோய்விட்டது. ஹாலின் முழுச் சுவரிலும் லீடரின் மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தோன்றினாள்.

"என்னங்க? பேசி முடிச்சாச்சா? எத்தனை பேரு மிச்சம் இருக்காங்க?"

ஹால் சிரித்தது.

"யாரு சிரிக்கறாங்க? ஐயையோ, எல்லாரும் பாக்கறாங்களா! சொல்லிட்டுக் கூப்பிடக் கூடாதா மனுஷன்?" துண்டு பறந்தது. சுவர் முழுக்கக் கூரை தெரிந்தது. அப்புறம் பாதி முகம் வந்தது.

"அந்தப் பழைய குரூப் போட்டோ எங்கே வெச்சே?"

"நான் எங்க வெச்சேன்? புதுப்படம் ஃபிரேமுக்குள்ள ஆடுது, முட்டுக் குடுக்க ஏதாவது அட்டை குடுன்னீங்க. நான் அட்டை தேடறதுக்குள்ள அந்தப் பழசையே மடிக்காம உள்ள வெச்சு நீங்கதான் ஆணி அடிச்சீங்க. கறை படிஞ்சதுதானே, இதுக்காவது ஆகட்டும்னு சொன்னீங்களே."

லீடர் யாரையும் பார்க்கவில்லை. "அதைக் கொஞ்சம் பிரிக்கணும்" என்றார்.

"இப்பவா?"

ஸ்டூடியோ திரைக்குப் பக்கத்தில் போனாள். "அதுல எங்கப்பா இருக்காரும்மா. வேற எங்கயும் அவரு படம் இல்ல."

லீடர் மனைவி சுவரில் மாட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "இருங்கக்கா" என்றாள்.

போன் எங்கோ சாய்ந்து நின்றது. ஸ்குரூ டிரைவர் தேடுகிற சத்தம். இழுப்பறை திறந்து மூடுகிற சத்தம். "ஊருக்கெல்லாம் டைல்ஸ் விக்கறாரு, வீட்ல ஒரு ஸ்குரூ டிரைவர் வெச்ச எடத்துல இருக்காது" என்றது குரல். கடைசியில் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு ஆணியாக நெம்பினாள். முப்பத்தெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்து ஆணி எண்ணினார்கள். "மெதுவாம்மா, கையில குத்திக்கப்போறே" என்று பல் டாக்டர் கத்தினார்.

"இந்தாங்க."

படம் முதலில் தலைகீழாக வந்தது, அப்புறம் மங்கலாக வந்தது, அப்புறம் நின்றது. பழுப்பேறின மண் தரை. அதன் குறுக்கே நீளமாக ஒரு நிழல். மூன்று கால் ஸ்டாண்டு, பக்கத்தில் ஒரு ஆள், இரண்டு பக்கமும் துருத்தின காது. ஒரு கை மேலே தூக்கியிருந்தது. தூக்கின கையின் நிழல் முன்வரிசை வரைக்கும் வந்து, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் செருப்புக்குச் சாண் தூரத்தில் நின்றது.

அந்தப் பெண் ஸ்டூடியோ. படத்தில் எல்லார் முகமும் சிரிக்கப் போகிற முகமாக நிமிர்ந்திருந்தது. அவள் மட்டும் மடியைப் பார்த்துக் குனிந்திருந்தாள்.

"அடியே, ஞாபகம் இருக்கு!" தும்மல் துள்ளினாள். "அப்படியே கையை ஆட்டிக்கிட்டே இருந்தாருடி. ஒரு வார்த்தை பேசல. ஈ ஓட்டறாருன்னு நாங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம்."

"ஆமா, எங்க வரிசைக்கே சிரிப்பு தாங்கல" என்றான் முட்டை. "கை வலிக்காதா மனுஷனுக்கு? ரொம்ப நேரம் ஆட்டினாரு. ஹெட்மாஸ்டர்கூட, எடுய்யா எடுய்யான்னு கத்தினாரு. அவரு எடுக்கவே இல்ல. கையைத்தான் ஆட்டினாரு. எதுக்குடா அப்படி?"

எதுக்கு என்று ஸ்டூடியோவுக்கு மட்டும் தெரியும். அன்றைக்குக் காலையில் ஜடை பின்னிக்கொண்டே அப்பாவிடம் கறாராகப் பேசியிருந்தாள். 'இங்க பாருப்பா, ஸ்கூல்ல வெச்சு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வீட்ல கூப்பிடற பேரு சொன்னே, நான் அங்கயே எழுந்து போயிடுவேன். சத்தியம் பண்ணு.' அப்பா சிரிக்காமல் சத்தியம் பண்ணினார்.

"என்னைத்தான் பாக்கச் சொன்னாரு" என்றாள் ஸ்டூடியோ. "நான் நிமிர்ந்தா எடுக்கலாம்னு நின்னிருக்காரு. என்னைக் கூப்பிட மாட்டேன்னு சொல்லியிருந்தாரு. சத்தியம் வாங்கியிருந்தேன். அதான் கையை ஆட்டிக்கிட்டே..."

தும்மல் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாரு?" மைக் இல்லாமல் கேட்டார் லீடர்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சோப்புடப்பா."

ஹால் தாக்குப்பிடிக்கப் பார்த்தது. பல் டாக்டர் இருமினார். முட்டை கர்ச்சீப்பை வாயில் வைத்தான். முதலில் உடைந்தது ஸ்டூடியோதான். கண்ணில் தண்ணீர் ஓட, தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"முப்பத்தேழு வருஷமா ஸ்டூடியோ ஸ்டூடியோன்னு கத்தி நேரத்தை வீணாக்கிட்டோமேடி!" என்றாள் தும்மல்.

"நல்ல மனுஷன்" என்றான் முட்டை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பெரிய மீசையும் அவரும்."

"மீசையா? யாருக்கு?" என்றார் பல் டாக்டர். "அவரு மழமழன்னு இருப்பாரு. எங்க அக்கா கல்யாணத்துக்கு அவருதான் எடுத்தாரு. நான் கூடவே நின்னேன்."

"நீ அப்ப தூங்கிட்டிருப்பே. மீசை இருந்துச்சு. நான் ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்தப்ப இவ்வளவு கிட்டத்துல பாத்தேன்."

"கண்ணாடி போட்டிருப்பாரு" என்றது ஒரு குரல்.

"கண்ணாடி இல்ல!"

"நான் சொல்றேன், வட்ட முகம், கண்ணாடி..."

"வட்டமா? ஒட்டின கன்னம்டா அவருக்கு!"

கோர்ட்டில் முப்பது வருஷம் சாட்சிகளைக் கேட்டே டைப் அடித்த முட்டை, தானும் ஒரு சாட்சி ஆனதும் மேஜையைத் தட்டினான். பல் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஹால் இரண்டு கட்சியாகப் பிரிந்து மீசைக்குச் சண்டை போட்டது.

"மீசை இல்ல!" என்று ஸ்டூடியோ கத்தினாள்.

எல்லாரும் அடங்கினார்கள். அவளுக்கே தான் கத்தினது ஆச்சரியமாக இருந்தது.

"மீசை கெடையாது. மேல் உதட்டுல வெட்டுத் தழும்பு ஒண்ணு இருக்கும். சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்தது. ஷேவ் பண்றப்ப பிளேடு அதுல பட்டா எரியும்னு சுத்தி கொஞ்சம் முடியை விட்டுடுவாரு. இங்க." தன் உதட்டுக்கு மேலே, இடது பக்கம் விரலை வைத்தாள். "தூரத்திலேர்ந்து பாத்தா பாதி மீசை மாதிரி தெரியும்."

"அதான்!" என்றார்கள் முட்டையும் பல் டாக்டரும் ஒரே சமயத்தில். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

"வட்ட முகம் இல்ல. நீளம்" என்றாள். விரல் உதட்டிலிருந்து தாடைக்கு இறங்கியது, வழி தெரிந்த மாதிரி. "தாடையில இங்க ஒரு பள்ளம். கண்ணாடி இல்ல. எப்பவும் ஒத்தைக் கண்ணைச் சுருக்கிக்கிட்டே இருப்பாரு, கேமராவுல பாத்துப் பாத்து. இடது கண்ணு. சாப்பிடறப்பகூட அப்படித்தான். அதனால அந்தக் கண்ணோரம் மட்டும் சுருக்கம் ஜாஸ்தி. ஒரு பக்கம் கிழவர், ஒரு பக்கம் வாலிபர்னு அம்மா சொல்லும்."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். லீடர் பேச்சுக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் வெற்றிடத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். நீளம், பள்ளம், இடது கண். ஆள் பெயரும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை.

"புருவம்?" என்றார் தலை நிமிராமல்.

"அடர்த்தி. ரெண்டும் நடுவுல சேர்ந்துக்கும்."

சுவரில் நிழல் லேசாக ஆடியது. லீடர் மனைவி படத்தை நீட்டிப் பிடித்த கையை இன்னும் இறக்கவில்லை.

"காது பெரிசாக்கா?" என்றாள் அங்கிருந்து. "நிழல்ல ரொம்பப் பெரிசா இருக்கே, வெயில்ல அப்படி விழுந்துச்சா?"

"வெயில் இல்லம்மா" என்றாள் ஸ்டூடியோ. "காதே அவ்வளவு பெரிசுதான்."